காழியின் முத்திரையும் வானத்துக் கற்களும்

1798ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் திகதி இரவு எட்டு மணியிருக்கும். வட இந்தியாவில், அன்று கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்சிக்குட்பட்டிருந்த பெனாரஸ் (காசி) நகரத்தின் மேற்கு வானிலே பெரியதொரு தீக்கோளம் தோன்றிச் சற்று நேரத்தில் மறைந்தது. இடி போன்றதொரு முழக்கமும் கேட்டது. நகரத்து மக்கள் பலர் அதனைக் கண்டனர். பல மைல்களுக்கப்பால் ஜவுன்பூர்ப் பகுதியில் இருந்தவர்களும் கண்டனர். அவர்களுள் சிலர் அந்தச் சத்தம், படையினர் பலர் ஒரே நேரத்தில் சுடாமல் முன்னும் பின்னுமாகத் துப்பாக்கிகளைச் சுட்டது போலிருந்ததாகச் சொன்னார்கள்.

அவ்வேளை பெனாரஸின் நீதிபதியாக இருந்தவர் ஸாமுவேல் டேவிஸ் என்ற ஆங்கிலேயர். அவர் தம் வீட்டறையில் இருந்தார். தீக்கோளத்தை அவர் நேரே பார்க்கவில்லை. ஆனால் அதன் ஒளி கண்ணாடி யன்னலூடாக அறைக்குள் பாய்ந்தது. யன்னல் சட்டங்களின் நிழல், தரையில் விரித்திருந்த கருநிறக் கம்பளத்தின் மீது தெளிவாக விழுந்தது. மிகப் பிரகாசமான நிலவொளிக்கு அது சமமாக இருந்ததென அவர் கூறினார்.

இதனை ஒரு நல்ல சாட்சியத்துக்கு உதாரணமாகக் கொள்ளலாம். "பெரிய வெளிச்சம்" என்று மட்டும் சொல்லியிருந்தால் எவ்வளவு பெரியது என்று நாம் அறிய முடியாது. கருநிறக் கம்பளத்தில் நிழல் தெரிந்தது என்று சொல்லும்போது, இருநூறு வருடங்களுக்குப் பின்னர் வாசிக்கும் நமக்கும் அந்த ஒளியின் அளவு விளங்கிவிடுகிறது. டேவிஸ் இந்திய வானசாஸ்திரத்தைக் கற்றவர். 'சூரிய சித்தாந்தம்' பற்றி ஆராய்ந்து எழுதியவர். வானத்தைக் கவனிக்கும் பழக்கம் அவரிடம் ஏற்கனவே இருந்தது.

ஆயினும் இக்கட்டுரையில் நாம் பிரதானமாக நோக்கவிருப்பது நீதிபதியின் சாட்சியத்தையன்று. பெனாரஸிலிருந்து 14 மைல் தொலைவில், கோமதி நதியின் வடகரையில், கிராகூட் என்ற பொருளில் ஆங்கிலேயர் எழுதிவைத்த ஒரு சிறு கிராமம் இருந்தது. அங்கு வாழ்ந்த விவசாயிகள், ஒரு காவற்காரர், அப்பகுதிக் காழி ஆகியோரின் சாட்சியமே நமது விடயம்.

கிராமத்தில் நடந்தது

கிராமத்தவர்கள் வேலை முடித்து வீடுகளுக்குள் ஒதுங்கியிருந்த நேரம் அது. வானிலிருந்து பெரும் வெளிச்சம் வந்தது, இடி முழங்கியது, உடனே சுற்றுப்புறத்தில் பாரமான பொருட்கள் தொப்புத் தொப்பென்று விழும் சத்தம் கேட்டது. இது தெய்வச் செயலாக இருக்குமோ என்ற அச்சத்தில் அன்றிரவு யாரும் வெளியே வரவில்லை. விடிந்ததும் வயலுக்குப் போய்ப் பார்த்தார்கள். பயிர் அப்போது இரண்டு மூன்று அங்குல உயரமே வளர்ந்திருந்தது. ஆங்காங்கே மண் புதிதாகக் கிளறுண்டு கிடந்தது. தோண்டியபோது கற்கள் கிடைத்தன.

செய்தி நகரத்தை எட்டியதும் டேவிஸ் விடயமறிந்த ஒருவரை அங்கு அனுப்பினார். எடுத்த கற்களை உடைத்துவிட்டோம், மிகுதியைத் தாசில்தாருக்கும் மற்றவர்களுக்கும் கொடுத்துவிட்டோம் என்று கிராமத்தவர்கள் கூறினர். ஆனால், மண் கிளறுண்ட இடங்களைப் பார்த்துத் தோண்டினால் இன்னும் கிடைக்கும் என்று வழியும் சொல்லிக் கொடுத்தனர். அவர் தேடினார், நான்கு கற்கள் அகப்பட்டன. அவை சுமார் ஆறு அங்குல ஆழத்தில், ஒன்றுக்கொன்று ஏறத்தாழ நூறு யார் தூரத்தில் புதைந்திருந்தன. ஆழத்தை வாய்ச்சொல்லால் மாத்திரம் கூறாமல், அளவெடுத்து வந்து காட்டினார் அந்த மனிதர்.

இதே வேளையில் வருமானத்துறை உதவி அதிகாரியான எர்ஸ்கின் என்பவரிடமும் ஒரு கல் வந்து சேர்ந்தது. அவரும் தம் பங்குக்கு வேறொருவரை அனுப்பினார். இரண்டாவது ஆள் கொண்டுவந்த விபரமும் முதலாமவரின் விபரத்தை ஒத்திருந்தது. அத்துடன், விசாரிக்கும்படி பணிக்கப்பட்டிருந்த அப்பகுதிக் காழியும் தம் கையொப்பமும் முத்திரையும் இட்டு அதனை உறுதிப்படுத்தி அனுப்பியிருந்தார்.

அக்காலத்தில் சொத்து உறுதிகளையும் திருமணங்களையும் உறுதிப்படுத்துவது காழிமாரின் கடமைகளுள் ஒன்று. காணி கைமாறினால் சாட்சிகளை அழைத்து, கேட்க வேண்டியதைக் கேட்டு, பின்னர் முத்திரை வைப்பார்கள். வானத்திலிருந்து கல் விழுந்ததா என்ற கேள்வி வந்தபோதும் அந்தக் காழி இதே ஒழுங்கில்தான் நடந்திருக்க வேண்டும். முத்திரையிடுவதென்பது தம் பெயரையும் பதவியையும் அதற்குப் பொறுப்பாக வைப்பதாகும்.

கிராமத்துக்கு அருகில் வசித்த மக்லேன் என்பவரின் வீட்டுக் காவற்காரரும் ஒரு கல்லைக் கொண்டுவந்தார். அது அவரது குடிசைக் கூரையைத் துளைத்துக்கொண்டு வந்து, இறுகிய மண் தரையில் பல அங்குலம் புதைந்திருந்தது. உடைவதற்கு முன் அதன் நிறை இரண்டு இறாத்தலுக்கு மேலிருக்கும் என்பது அவர் கூற்றிலிருந்து பெறப்பட்டது. சற்றுத் தள்ளி விழுந்திருந்தால் அந்தச் சாட்சி உயிரோடு இருந்திருக்க மாட்டார்.

இவை யாவற்றையும் திரட்டி எழுதியவர் ஜோன் லொயிட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயர். அவர் இன்னுமொரு தகவலையும் மறவாமல் சேர்த்தார். அம்மாதம் 11ஆம் திகதி முதல் வானத்தில் முகிலின் அடையாளமே இருக்கவில்லை. சம்பவத்தின் பின்னரும் பல நாட்கள் அவ்வாறே இருந்தது. ஆகவே இதனை மழைக்கால இடி என்று தட்டிக்கழிக்க முடியாது.

பாரிஸின் அவநம்பிக்கை

ஒரு வயலில் கல் விழுந்ததற்கு இத்தனை விசாரணை எதற்கு என்று வாசகர்கள் கேட்கக் கூடும். அன்றைய ஐரோப்பிய அறிஞர்களுள் பெரும்பாலானோர் வானத்திலிருந்து கல் விழும் என்பதை நம்பவில்லை. அது பாமர மக்களின் கற்பனை என்றே கருதினர்.

1768இல் பிரான்ஸின் லூசே என்ற ஊரில் ஒரு கல் விழுந்தது. பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் அதனை ஆராய ஒரு குழுவை நியமித்தது. நவீன இரசாயனவியலின் தந்தையெனப் போற்றப்படும் லவோசியேயும் அதில் இருந்தார். அக்கல் வானிலிருந்து வந்ததல்ல, நிலத்திலிருந்த கல்லொன்றை மின்னல் தாக்கியிருக்கிறது என்பதே அக்குழுவின் முடிவு. 1790 ஜூலை 24ஆம் திகதி இரவு தென்மேற்குப் பிரான்ஸின் பார்பொத்தான் பகுதியில் பெரும் தீக்கோளம் ஒன்று வெடித்துக் கற்கள் பொழிந்தன. முந்நூறுக்கு மேற்பட்டோர் சாட்சி சொல்ல, உள்ளூர் நிர்வாகம் அதனை முறைப்படி பதிந்து அனுப்பியது. பேர்தொலோன் என்ற அறிஞர் அதனைப் படித்துவிட்டு, ஒரு நகரசபையே கட்டுக்கதைக்கு அத்தாட்சி வழங்குகிறதே என்று பரிகசித்தார்.

அவர்களை முற்றாகக் குறை கூறவும் முடியாது. வானத்திலிருந்து இரத்தம் பொழிந்தது, தவளை பொழிந்தது என்றெல்லாம் கதைகள் உலவிய காலம் அது. மூடநம்பிக்கைகளைக் களைய வேண்டும் என்ற நல்ல நோக்கம் அவர்களுக்கு இருந்தது. ஆனால் கதையையும் சாட்சியத்தையும் வேறுபடுத்திப் பார்க்க அவர்கள் முயலவில்லை. சொன்னவர் குடியானவர் என்பதனாலேயே சொல்லப்பட்டதும் பொய்யாயிற்று. முந்நூறு பேர் ஒரே விதமாகச் சொல்லியும் அவர்கள் கேட்கவில்லை. அக்காலத்தில் ஐரோப்பிய நூதனசாலைகள் சில, தம்மிடமிருந்த இத்தகைய கற்களை வெட்கப்பட்டு அகற்றிவிட்டதாகவும் சொல்லப்படுகிறது.

ஜஹாங்கீரின் குறிப்பு

பாரிஸில் இந்த விவாதம் நடப்பதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே இத்தகைய சம்பவமொன்று இந்தியாவில் ஒழுங்காகப் பதிவு செய்யப்பட்டிருந்தது. பதிந்தவர் முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர். பாரசீக மொழியில் அவர் எழுதிய நினைவுக் குறிப்புகளில் 1621 ஏப்ரல் மாதச் சம்பவமாக அது இடம்பெறுகிறது.

பஞ்சாபின் ஜலந்தர் பர்கனாவைச் சேர்ந்த ஒரு கிராமத்தில், விடியற்காலை வேளையில், கிழக்குத் திசையிலிருந்து பேரோசை எழுந்தது. மக்கள் உயிர் போகுமளவுக்குப் பயந்து போனார்கள். அவ்வோசையினூடே ஓர் ஒளி நிலத்தில் விழுந்தது. ஓசை அடங்கியதும் மக்கள் மனந்தேறி, வேகமாக ஓடக்கூடிய ஒருவனை அப்பகுதி ஆமில் முஹம்மத் ஸயீதிடம் அனுப்பினார்கள். ஆமில் என்பவர் வருமானம் சேகரிக்கும் உத்தியோகத்தர். அவர் உடனே குதிரையேறி அவ்விடத்துக்குப் போனார். பத்துப் பன்னிரண்டு முழ நீள அகலத்துக்கு நிலம் கருகியிருந்ததாகவும், தோண்டத் தோண்டச் சூடு கூடியதாகவும், இறுதியில் உலையிலிருந்து எடுத்தது போன்ற இரும்புத் துண்டொன்று வெளிப்பட்டதாகவும் குறிப்புக் கூறுகிறது. அது ஆறியதும் எடுத்து, பையிலிட்டு முத்திரை வைத்து அரசவைக்கு அனுப்பினார்.

ஜஹாங்கீர் அதைத் தம் முன்னிலையில் நிறுக்கச் செய்தார். நிறை 160 தோலா. இன்றைய அளவில் இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. வாள் செய்யும்படி உஸ்தாத் தாவூத் என்ற கொல்லரிடம் கொடுத்தார். சம்மட்டியடிக்கு நிற்காமல் அது உதிர்ந்து போகிறது என்றார் உஸ்தாத். வேறு இரும்பைக் கலக்கும்படி பேரரசர் சொல்ல, மூன்று பங்கு விண்ணிரும்புக்கு ஒரு பங்கு சாதாரண இரும்பு சேர்த்து இரண்டு வாள், ஒரு குத்துவாள், ஒரு கத்தி ஆகியன செய்யப்பட்டன. அந்தக் கத்தி இன்று அமெரிக்காவின் வாஷிங்டனில் உள்ள பிரீயர் கலைக்கூடத்தில் பாதுகாக்கப்படுகிறது.

ஜஹாங்கீர் விந்தைகளில் ஆவல் கொண்டவர். அதேவேளை எதையும் நிறுத்து, அளந்து, சோதித்துப் பார்ப்பவர். பறவை, மிருகம், மரம் எதுவாயினும் அவர் குறிப்பில் அளவு இருக்கும். எனினும் இச்சம்பவத்தில் பெருமை அரசருக்கு மட்டும் உரியதன்று. பயந்து நடுங்கியபோதும் ஆளனுப்பி அறிவித்த கிராமத்தவர்கள், கேள்விப்பட்டதை எழுதிவிட்டு இருந்துவிடாமல் நேரில் சென்ற ஆமில், பொருளின் இயல்பை மறைக்காமல் சொன்ன கொல்லர் என மூவரும் தத்தம் கடமையைச் செய்தனர். பையில் வைத்த முத்திரை, இடையில் எவரும் பொருளை மாற்றவில்லை என்பதற்கு உத்தரவாதமாயிற்று. 177 ஆண்டுகளின் பின்னர் கோமதிக் கரையில் நடந்ததும் இதே நடைமுறைதான் என்பதைக் கவனித்தல் வேண்டும்.

விஞ்ஞானம் ஏற்றுக்கொண்ட விதம்

1794இல் ஜேர்மனியரான எர்ன்ஸ்ட் க்ளாட்னி, தீக்கோளங்களும் இக்கற்களும் பூமிக்கு அப்பாலிருந்து வருபவை என்று ஒரு சிறு நூலில் வாதிட்டார். அவர் சட்டம் படித்தவர். பல நாடுகளிலும் பல காலங்களிலும் ஒருவரையொருவர் அறியாத மனிதர்கள் கூறியவற்றை ஒரு வழக்கறிஞரைப் போல ஒப்பிட்டுப் பார்த்தார். ஒளி, முழக்கம், கல் விழுதல் என்ற ஒழுங்கு எல்லாக் கூற்றுகளிலும் ஒத்திருந்தது. இத்தனை பேரும் பேசி வைத்துப் பொய் சொல்ல முடியாது என்பதே அவரது வாதத்தின் அடிப்படை. பலர் அவரை ஏளனம் செய்தனர்.

வில்லியம்ஸ் திரட்டிய விபரமும் பெனாரஸ் கல்லும் இங்கிலாந்தில் எட்வர்ட் ஹவார்ட் என்ற இரசாயனவியலாளரின் கைக்குக் கிடைத்தன. இத்தாலியின் சியெனா, இங்கிலாந்தின் யோர்க்ஷயர், பொஹீமியா ஆகிய இடங்களில் விழுந்த கற்களோடு அதையும் சேர்த்து அவர் பகுப்பாய்வு செய்தார். பிரான்ஸிலிருந்து வந்து இலண்டனில் தங்கியிருந்த கனிப்பொருளியலாளர் புர்னோன் உதவினார். நான்கு கற்களும் ஒன்றையொன்று ஒத்திருந்தன. எல்லாவற்றின் இரும்பிலும் நிக்கல் கலந்திருந்தது. 1802இல் இந்த முடிவுகள் ரோயல் சொஸைட்டியில் வாசிக்கப்பட்டன. காழியின் முத்திரை பற்றிய செய்தியும், காவற்காரரின் கூரை பற்றிய செய்தியும் அந்தக் கட்டுரையோடு சேர்ந்தே அச்சேறின.

மறு வருடம், 1803 ஏப்ரல் 26ஆம் திகதி, பிரான்ஸின் லெய்கிள் நகரருகே ஏறத்தாழ மூவாயிரம் கற்கள் பொழிந்தன. அரசு ஜோன் பாப்டிஸ்ட் பியோ என்ற இளம் விஞ்ஞானியை அனுப்பியது. அவர் நேரே லெய்கிளுக்குப் போகவில்லை. முதலில் தூரத்து ஊர்களில், அந்நாளில் என்ன கண்டீர்கள், என்ன கேட்டீர்கள் என்று விசாரித்தார். பின்னரே படிப்படியாக உள்ளே சென்றார். கற்கள் கிடந்த இடங்களை வரைபடத்தில் குறித்தபோது அவை நீள்வட்டமான ஒரு பரப்பில் அமைந்தன. அவரது அறிக்கையின் பின்னர் பாரிஸ் மறுப்பதற்கு வழியில்லாமற் போயிற்று.

சாட்சி எங்கே தவறுகிறார்?

சாட்சியத்தை மதிப்பதென்றால் அதில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் ஏற்பதென்று பொருளாகாது. ஜலந்தர் குறிப்பில் நிலம் கருகியிருந்ததாகவும் இரும்பு கனன்றதாகவும் உள்ளதை இன்றைய ஆய்வாளர்கள் ஐயத்தோடு நோக்குகின்றனர். எரிகற்கள் செக்கனுக்கு 11 முதல் 72 கிலோமீற்றர் வரையான வேகத்தில் வளிமண்டலத்துள் புகுகின்றன. சுமார் நூறு கிலோமீற்றர் உயரத்திலேயே ஒளிரத் தொடங்குகின்றன. சிறிய கற்கள் பல கிலோமீற்றர் உயரத்திலேயே தம் வேகத்தை இழந்து, ஒளியும் அணைந்து, சாதாரண கல்லைப் போலத்தான் கீழே விழுகின்றன. வெளிப்புறம் உருகி நீங்கினாலும் உட்புறம் குளிராகவே இருக்கும். ஆதலால் தரையை அடையும்போது புல்லை எரிக்குமளவு சூடு அவற்றில் இருப்பதில்லை. நெருப்பாக வந்ததைக் கண்டவர் மனம், விழுந்ததும் நெருப்பாகத்தான் இருக்க வேண்டுமென்று எண்ணிக்கொள்கிறது.

இன்னொரு பொதுவான மயக்கம் தூரம் பற்றியது. "அந்தத் தென்னந்தோப்புக்குப் பின்னால்தான் விழுந்தது" என்று சொல்லாதவர்கள் குறைவு. உண்மையில் அது நூறு மைலுக்கு அப்பாலும் இருக்கலாம். ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர்தான் செல்லும். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் எண்ணிப் பார்க்கும்படி நாம் வகுப்பில் மாணவருக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அதே கணக்குத்தான் இங்கும். ஒளி தெரிந்து ஒன்றரை நிமிடத்தின் பின் முழக்கம் கேட்டால், அது ஏறத்தாழ 30 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து வந்தது. 2013 பெப்ரவரி 15ஆம் திகதி ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரில் இந்த அறிவு இல்லாமையே பலரைக் காயப்படுத்தியது. பெரும் ஒளியைக் கண்டு யன்னலருகே வந்து நின்றார்கள். சுமார் இரண்டு நிமிடங்கள் கழித்து அதிர்வலை வந்து கண்ணாடிகளைச் சிதறடித்தது. ஏறத்தாழ 1500 பேர் சிகிச்சை பெற நேர்ந்தது.

மூன்றாவது மயக்கம் சகுனம். பெனாரஸில் தீக்கோளம் தோன்றி 26 நாட்களில், 1799 ஜனவரி 14ஆம் திகதி, பதவி நீக்கப்பட்ட அவத் நவாப் வஸீர் அலி அந்நகரில் கிளர்ந்தெழுந்தார். கம்பனியின் பிரதிநிதி செர்ரி கொல்லப்பட்டார். அதே டேவிஸ், குடும்பத்தாரை மாடியில் ஏற்றிவிட்டு, ஒடுங்கிய படிக்கட்டில் ஈட்டியோடு நின்று தாக்க வந்தவர்களைத் தடுத்துத் தப்பினார். சகுனம் தேடுபவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் வஸீர் அலியின் ஆத்திரம் அரியாசனம் பறிக்கப்பட்டதனாலும், பெனாரஸிலிருந்தும் அகற்றப்படவிருந்ததனாலும் வந்தது. அதற்கும் கோமதிக் கரைக் கற்களுக்கும் எவ்வித தொடர்புமில்லை. வில்லியம்ஸின் விபரத்தில் சகுனம் எதுவும் இல்லாததும் அதன் பெறுமதியைக் கூட்டுகிறது.

பெயரில்லாதவர்கள்

இந்த வரலாற்றைப் படிக்கையில் ஒரு விடயம் மனதை உறுத்துகிறது. டேவிஸ், எர்ஸ்கின், மக்லேன், வில்லியம்ஸ் ஆகியோரின் பெயர்கள் அறிக்கையில் உள்ளன. வயலில் அளவெடுத்தவர் "விடயமறிந்த ஒருவர்" மாத்திரமே. கூரை துளைக்கப்பட்டவர் "காவற்காரர்". கையொப்பமிட்டவரின் பெயர்கூட இல்லை, வெறுமனே "காழி". பெயரெழுதிக் கையொப்பமிட்ட ஒருவரின் பெயரே அச்சில் விடுபட்டுப் போனது. ஜஹாங்கீரோ முஹம்மத் ஸயீதின் பெயரையும், கொல்லர் தாவூதின் பெயரையும் எழுதிவைத்தார். எனினும் ஓடிச்சென்று அறிவித்த கிராமத்தவனின் பெயர் அங்கும் இல்லை.

பாரிஸில் அறிஞர்கள் ஏளனம் செய்ததும், பெனாரஸில் பெயர்கள் விடுபட்டதும் ஒரே மனப்பாங்கின் இரு பக்கங்கள். சாதாரண மனிதனின் கண் பயன்படலாம், அவன் சொல்லுக்கு மதிப்பில்லை என்பதே அந்த மனப்பாங்கு. ஆனால் நடந்தது என்ன? தீக்கோளங்கள் அறிவித்துவிட்டு வருவதில்லை. ஆய்வுகூடத்துக்கு மேலாகத்தான் தோன்றுவேன் என்று அடம்பிடிப்பதுமில்லை. யாரோ ஒரு மீனவரும், வயற்காவலுக்குப் போன ஒருவரும், சுபஹு தொழுகைக்குப் புறப்பட்ட முதியவரும்தான் அதைக் காண்பர். அவர்கள் சொல்லாவிட்டால் விஞ்ஞானிக்குத் தெரியவே வராது.

ஆகவே நம் பிள்ளைகளுக்கு இதைப் பழக்க வேண்டும். வானில் இத்தகைய ஒன்றைக் கண்டால் உடனே நேரத்தைப் பார்க்க வேண்டும். எந்தத் திசையில் தோன்றி எந்தத் திசையில் மறைந்தது என்பதை ஒரு மரத்தையோ மினாராவையோ அடையாளமாக வைத்துக் குறிக்க வேண்டும். எத்தனை செக்கன் நீடித்தது, நிழல் விழுந்ததா, என்ன நிறம், சத்தம் எவ்வளவு நேரம் கழித்து வந்தது என்பதை எழுத வேண்டும். மற்றவரோடு பேசுவதற்கு முன்னரே எழுதுவது நல்லது. பேசிய பின் இருவர் கண்டதும் ஒன்றாகக் கலந்துவிடும். கண்டதை ஒரு பக்கத்திலும் நினைத்ததை மறு பக்கத்திலும் எழுதட்டும். இறுதியில் தம் பெயரை முழுமையாக எழுதட்டும். வெவ்வேறு ஊர்களிலிருந்து இப்படி மூன்று நான்கு குறிப்புகள் கிடைத்தாலே அதன் பாதையைக் கணிக்க முடியும்.

இது வானத்துக்கு மட்டும் உரிய பழக்கமுமன்று. கண்டதைக் கண்டபடி சொல்வதும், சொன்னதற்குப் பெயர் வைத்துப் பொறுப்பேற்பதும் எந்தச் சமூகத்துக்கும் எக்காலத்துக்கும் தேவையானவை. கோமதிக் கரைக் காழி தம் மோதிரத்தையோ முத்திரையையோ மையில் தோய்த்து அந்தத் தாளில் பதித்தபோது, அது இலண்டன் வரை போகுமென்று எண்ணியிருக்க மாட்டார். விசாரிக்கச் சொன்னார்கள், விசாரித்தார், உண்மையெனக் கண்டதை உண்மையென்று உறுதிப்படுத்தினார். அவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் உறுதிப்படுத்திய செய்தி நிலைத்துவிட்டது.